பேங்க் திருத்திய வட்டிச் சான்றிதழ் தந்தால் வருமான வரிக் கணக்கை எப்படித் திருத்துவது? மலையகத்தவர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நவம்பர் 30இற்குள் வருமான வரி விபரத்திரட்டை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும்போது, ஜனவரியில் பேங்கில் இருந்து இன்னொரு சான்றிதழ் வந்து சேருகிறது. அதே வைப்பு, அதே வருடம், ஆனால் வட்டித் தொகை வேறு. ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் நிலையான வைப்பு வைத்திருக்கும் ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள், கடைக்காரர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். இலங்கையில் வசித்துக்கொண்டு, ரூபாக் கணக்கில் வட்டி வாங்கும் தனிநபர்களுக்கு மட்டும்தான் இது. கம்பனி, பங்குடைமை வியாபாரக் கணக்குகள் வேறு கதை.

சேர், முதலில் இந்தச் சான்றிதழ் என்ன? எனக்குப் பாஸ்புக் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. பேங்க் உங்களுக்கு வட்டி போடும்போதே ஒரு பங்கைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறது. இதை முற்பண வருமான வரி, சுருக்கமாக ஏ.ஐ.டி. என்பார்கள். 2023 ஜனவரி 1 முதல் 5 சதவீதம் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 சதவீதம். எவ்வளவு வட்டிக்கு எவ்வளவு பிடித்தோம் என்று பேங்க் எழுதித் தரும் தாள்தான் இந்தச் சான்றிதழ். சம்பளக்காரர்களுக்கு வேலைத்தலத்தில் தரும் டி-10 எப்படியோ, வட்டிக்கு இது அப்படி.

பாஸ்புக்கில் இருப்பது பெரும்பாலும் பிடித்தது போக மீதி. 2024/25இல் 285,000 ரூபா வட்டி விழுந்திருக்கிறது என்றால், உண்மையான வட்டி 300,000. 15,000 ரூபா வரியாகப் போய்விட்டது. விபரத்திரட்டில் காட்டவேண்டியது 300,000. பாஸ்புக்கைப் பார்த்து 285,000 என்று போட்டுவிட்டு, 15,000ஐயும் கழிவாக, அதாவது கட்டவேண்டிய வரியில் இருந்து கழித்துவிடும்படி, கேட்பவர்கள் நிறையப் பேர். திருத்திய சான்றிதழ் வராவிட்டாலும் அந்தக் கணக்கு பிழைதான்.

பேங்கே கணக்குப் பார்த்துத் தருவது. அது எப்படிப் பிழைக்கும்?

நன்றாகவே பிழைக்கும். மலையகத்தில் அதற்கென்று சில காரணங்கள் கூடுதலாக உண்டு.

முதலாவது அடையாள அட்டை இலக்கம். 2016இற்கு முன் எடுத்த அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். புதிய அட்டையில் 12 இலக்கம். கணக்குத் தொடங்கியபோது பழைய இலக்கம், டின், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், எடுத்தபோது புதிய இலக்கம் என்று இருந்தால், ஒரே ஆள் கம்பியூட்டரில் இரண்டு ஆளாகிவிடுகிறார். சேமிப்புக் கணக்கு வட்டி ஒரு ஆளிலும், வைப்பு வட்டி இன்னொரு ஆளிலும் ஏறும். முதலில் வந்த சான்றிதழில் பாதிதான் இருக்கும்.

இரண்டாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ராமையா லெட்சுமணன், அடையாள அட்டையில் லெச்சுமன், பாஸ்புக்கில் ஆர். லெட்சுமனன். தோட்டத்துப் பதிவேட்டில் யாரோ எழுதியதும், பிறகு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒலிபெயர்த்ததும் சேர்ந்து நம் பெரியவர்களின் பெயர்களைப் படுத்தியிருக்கும் பாடு உங்களுக்குத் தெரியும். பேங்க் தலைமையகத்தில் இருப்பவருக்கு மூன்றும் மூன்று ஆட்கள்.

மூன்றாவது திகதி. வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1 தொடங்கி அடுத்த மார்ச் 31 வரை. தனிநபர்களின் முதலீட்டு வருமானம் கைக்கு வந்த திகதியின்படி கணக்கிடப்படும். மார்ச் 30இல் முதிர்ந்த வைப்பின் வட்டியை ஏப்ரல் 2இல் கணக்கில் வரவு வைத்தால் எந்த வருடம் என்பதில் கிளைக்கும் தலைமையகத்துக்கும் குழப்பம் வரலாம். இரண்டு வருட வைப்பு, முடிவில் மொத்த வட்டி என்றால் இந்தக் குழப்பம் பெரிய தொகையில் விழும். 2022, 2023இல் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்த காலத்தில் போட்ட வைப்புகளை நினைத்துப் பாருங்கள்.

நான்காவது கூட்டுக் கணக்கு. அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

திருத்திய சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

விபரத்திரட்டைத் தொடாதீர்கள். முதலில் பேங்குக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைத் திணைக்களத்துக்கு அனுப்பிய அட்டவணையிலும் திருத்திவிட்டீர்களா?"

காரணம் இதுதான். பேங்க் உங்களுக்கு ஒரு தாள் தருகிறது. அதே விவரத்தைத் திணைக்களத்துக்கும் தனியாக அனுப்புகிறது. உங்கள் டின், அடையாள இலக்கம், வட்டி, பிடித்த வரி எல்லாம் அந்த அட்டவணையில் இருக்கும். நீங்கள் கேட்கும் கழிவைத் திணைக்களம் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கையில் உள்ள தாளோடு அல்ல, பேங்க் அனுப்பிய அட்டவணையோடு. கவுன்டரில் புதுத்தாள் அடித்துத் தந்துவிட்டு அட்டவணையை அப்படியே விட்டால், நீங்கள் சரியாகத் திருத்தியும் உங்கள் கணக்குத்தான் பொருந்தாமல் நிற்கும். பிறகு ஆறு மாதம் கழித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது, அந்தத் தாளைத் தந்த உத்தியோகத்தர் மாற்றலாகி மாத்தளைக்குப் போயிருப்பார்.

எனவே "முதல் சான்றிதழ் இரத்து, இந்தக் காரணத்துக்காக இந்தத் திகதியில் திருத்தினோம், திணைக்களத்துக்கும் அறிவித்துவிட்டோம்" என்று பேங்க் தாளில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். கிளை முகாமையாளரின் கையொப்பமும் முத்திரையும் இருக்கட்டும். இந்தத் தாள் இருந்தால் மிச்சம் எல்லாம் லேசு.

அப்புறம், பழைய சான்றிதழைக் கிழித்துப் போடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் என்ன மாறியது என்று அடுத்தவருக்குப் புரியும்.

நான் இன்னும் விபரத்திரட்டு அனுப்பவில்லை.

அதிர்ஷ்டம். புதிய சான்றிதழின்படியே நிரப்பி அனுப்புங்கள். திருத்தம் என்று ஒன்றும் தேவையில்லை. கடைசித் திகதி நவம்பர் 30. ஆனால் வரிப் பாக்கியைக் கட்ட வேண்டிய திகதி அதற்கு இரண்டு மாதம் முந்தி, செப்டெம்பர் 30. இதைக் கவனிக்காமல் நவம்பர் வரை காசை வைத்திருப்பவர்கள் மெத்தப் பேர்.

அனுப்பிவிட்டேன். எப்படித் திருத்துவது?

திணைக்களத்தின் இணையச் சேவைக்குள், அதாவது ரமிஸ் கணக்குக்குள் நுழைந்து அந்த வருட விபரத்திரட்டைத் திறந்து பாருங்கள். அங்கே திருத்த வழி திறந்திருந்தால் அங்கேயே முடிக்கலாம். இல்லையென்றால், அல்லது திருத்தியது ஏறியதா என்று சந்தேகம் இருந்தால், கடிதமாக எழுதி உங்கள் கோவை (பைல்) இருக்கும் அலுவலகத்துக்குக் கொடுங்கள். கண்டி, நுவரெலியா, பதுளையில் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் கோவை எங்கே இருக்கிறது என்பதை 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். பதுளையில் உள்ள கோவைக்கு நுவரெலியாவில் வரிசையில் நின்று பலனில்லை.

இணையத்தில் திருத்தினாலும் கடிதம் ஒன்றை அனுப்பிவிடுவதுதான் என் வழக்கம். கம்பியூட்டரில் எண் மாறியிருப்பது தெரியும். ஏன் மாறியது என்பது கடிதத்தில்தான் இருக்கும்.

திருத்தும்போது மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். வட்டி வருமானம் ஒன்று. பிடித்த வரிக்கான அட்டவணை இன்னொன்று. அதில் பழைய சான்றிதழ் இலக்கத்தை எடுத்துவிட்டுப் புதிய இலக்கத்தைப் போடவேண்டும். இரண்டையும் வைத்துவிட்டால் ஒரே வரிக்கு இரண்டு தரம் கழிவு கேட்டதாகிவிடும். மூன்றாவது, பலரும் மறப்பது, சொத்துப் பொறுப்புக் கூற்று. முதல் சான்றிதழில் விட்டுப்போன வைப்பு என்றால் மார்ச் 31இல் அந்த வைப்பின் மிகுதியும் அங்கே விட்டுப்போயிருக்கும். வட்டி இருக்கிறது, வைப்பைக் காணோம் என்றால் யாருக்கும் கேள்வி எழும்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி. மஸ்கெலியாப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் டீமேக்கர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 2024/25. சம்பளம் மாதம் 125,000, ஆக வருடத்துக்கு 15 இலட்சம். சம்பளத்தில் பிடித்த வரி 18,000. முதல் சான்றிதழின்படி வட்டி 300,000, பிடித்தது 15,000.

மொத்த வருமானம் 18 இலட்சம். அந்த வருடத்துக்குத் தனிநபர் நிவாரணம், அதாவது வரி விழாத தொகை, 12 இலட்சம். மிச்சம் 6 இலட்சத்துக்கு வரி: முதல் 5 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதாவது 30,000, அடுத்த 1 இலட்சத்துக்கு 12 சதவீதம், அதாவது 12,000. மொத்தம் 42,000. ஏற்கெனவே பிடித்தது 33,000. மீதி 9,000 ரூபாவைச் செப்டெம்பரில் கட்டிவிட்டார்.

ஜனவரியில் திருத்திய சான்றிதழ் வருகிறது. தலவாக்கலைக் கிளையில் பழைய அடையாள இலக்கத்தில் இருந்த வைப்பும் சேர்ந்துவிட்டது. வட்டி 384,000, பிடித்த வரி 19,200.

இப்போது வரிக்குரிய வருமானம் 684,000. வரி 30,000 கூட்டல் 22,080, மொத்தம் 52,080. பிடித்தது 18,000 கூட்டல் 19,200, மொத்தம் 37,200. கட்டவேண்டியது 14,880. ஏற்கெனவே 9,000 கட்டியிருக்கிறார். இன்னும் 5,880 ரூபா.

பேங்கில் கூடுதலாக 4,200 பிடித்திருக்கிறதே, பிறகு ஏன் கட்டவேண்டும் என்று பலர் கேட்பார்கள். பேங்க் பிடிப்பது 5 சதவீதம். இவர் நிற்கும் படி 12 சதவீதம். இடைப்பட்ட 7 சதவீதத்தைத்தான் இப்போது கட்டுகிறார். 84,000இல் 7 சதவீதம் 5,880. கணக்கு சரி.

பிந்திக் கட்டுவதற்கு வட்டி உண்டா? பிழை பேங்கினுடையது தானே!

உண்டு. கட்டாத வரிக்கு மாதம் 1.5 சதவீதம், மாதத்தில் பாதி போயிருந்தாலும் முழு மாதமாக எண்ணுவார்கள். மேலே சொன்ன 5,880 ரூபாவுக்கு மாதம் 88 ரூபா 20 சதம். செப்டெம்பர் 30இல் இருந்து ஜனவரி முடியும் வரை நான்கு மாதத்துக்கு 353 ரூபாவுக்குக் கிட்ட. ஒரு கொத்து ரொட்டிக் காசு கூட இல்லை. ஆனால் மூன்று வருடம் விட்டால் முதலின் பாதிக்கு மேல் ஏறிவிடும்.

பேங்கின் பிழை என்பதால் வட்டி தானாக நின்றுவிடாது. தண்டப்பணம் விதிக்கலாமா என்று யோசிக்கும் இடத்தில்தான் அந்த விளக்கம் உதவும். அதற்காகத்தான் பேங்க் கடிதத்தை அவ்வளவு வற்புறுத்திச் சொன்னேன். தாமாக முன்வந்து, காசையும் கட்டி, காரணத்தையும் எழுதிக் கொடுத்தவரை ஒளித்தவரோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

காசு கட்டும்போது எந்த மதிப்பாண்டுக்கான கட்டணம் என்பதைச் சரியாகக் குறியுங்கள். ஜனவரி 2026இல் கட்டுவதால் 2025/26 என்று போட்டுவிட்டால் அது நடப்பு வருடத் தவணையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பாக்கி அப்படியே இருக்கும், வட்டியும் ஏறும்.

நானும் மனைவியும் சேர்ந்து வைத்திருக்கும் வைப்பு. முழு வட்டியும் என் பெயரிலேயே வந்தது. இப்போது பாதி பாதியாகத் திருத்தித் தந்திருக்கிறார்கள். என்ன செய்வது?

கூட்டாக வைத்திருக்கும் முதலீட்டின் வருமானம், அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரித்துத்தான் வரிக்கு வரும். பாதி உங்களுடையது என்றால் பாதி வட்டி, பாதி கழிவு. இந்தத் திருத்தம் பெரும்பாலும் உங்களுக்கு இலாபம்.

பண்டாரவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காணி விற்ற காசைக் கூட்டு வைப்பாகப் போட்டார்கள். 2024/25இல் மொத்த வட்டி 15 இலட்சம், பிடித்தது 75,000. எல்லாம் மனைவி பெயரில் வந்ததால் 12 இலட்சம் போக 3 இலட்சத்துக்கு 18,000 ரூபா வரி என்று கணக்குக் காட்டி, 57,000 ரூபா திருப்பிக் கேட்டிருந்தார். திருத்திய பிறகு ஆளுக்கு ஏழரை இலட்சம். இருவருமே நிவாரண எல்லைக்குக் கீழே. வரி ஒரு சதமும் இல்லை. ஆளுக்கு 37,500 திரும்ப வரவேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். மனைவி தன் விபரத்திரட்டைத் திருத்தினால் அவருடைய மீளளிப்பு 57,000இல் இருந்து 37,500 ஆகக் குறையும். மற்ற 37,500 கணவர் கேட்டால்தான் வரும். கணவருக்கு டின் இல்லை, விபரத்திரட்டும் போடவில்லை என்றால் அந்தக் காசு கேட்பாரற்றுக் கிடக்கும். எனவே கணவர் டின் எடுத்துத் தன் பங்குக்கு விபரத்திரட்டு போட்ட கையோடு, மனைவியும் திருத்தத்தைக் கொடுக்கட்டும். இரண்டு கடிதத்திலும் மற்றவரின் டின்னைக் குறிப்பிடுங்கள்.

பேருக்கு மட்டும் மகனின் பெயரைச் சேர்த்த கணக்கு வேறு விஷயம். பஸ் ஏறி டவுனுக்குப் போக முடியாத அம்மாவுக்காக மகன் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். காசு அம்மாவுடையது, வட்டியும் அம்மாவுடையது. பேங்க் பாதியாகப் பிரித்துவிட்டால் அதுவும் ஒரு பிழை. அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஓய்வூதியத்தையும் இதோடு கூட்ட வேண்டுமா?

அரசாங்கம் தரும் ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. மேலே சொன்ன ஆசிரியத் தம்பதியின் கணக்கில் அதைச் சேர்க்காதது அதனால்தான். அதைக் கூட்டிக் கணக்குப் போட்டு, வரி வருகிறது என்று பயந்து பேசாமல் இருந்துவிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். பாவம், திரும்ப வரவேண்டிய காசை விட்டுக்கொடுக்கிறார்கள்.

திருத்தியதில் எனக்குத்தான் காசு வரவேண்டும். அடுத்த வருட வரியில் நானே கழித்துக்கொள்ளலாமா?

நீங்களாகவே கழிக்க வேண்டாம். திருத்தத்தோடு மீளளிப்புக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பேங்க் கணக்கு விவரமும் கேட்பார்கள். உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கும் கணக்கைக் கொடுங்கள். மேலே சொன்ன லெட்சுமணன், லெச்சுமன் சங்கதி இங்கேயும் காலை வாரும்.

பொறுமை வேண்டும். வரியைக் கேட்கும் வேகத்தில் மீளளிப்பு வராது, அது எந்த நாட்டிலும் அப்படித்தான். கோரிக்கை கொடுத்த திகதியும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் உள்ள பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

2025/26இற்கும் இதே கணக்குத்தானா?

இல்லை, எண்கள் மாறிவிட்டன. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், பிறகு 5 இலட்சம் 5 இலட்சமாக 18, 24, 30. அதற்கும் மேல் 36. பேங்க் பிடிப்பது 10 சதவீதம். முந்திய வருடத்தைத் திருத்தும்போது இந்தப் புதிய எண்களைப் போட்டுவிடாதீர்கள். எந்த வருட வருமானமோ அந்த வருடச் சட்டம்.

நிவாரணம் கூடி, பிடிப்பதும் கூடியதால், நடுத்தர வருமானக்காரர்களுக்கு இனிப் பாக்கியை விட மீளளிப்புத்தான் கூடுதலாக வரும். அதே டீமேக்கருக்கு அதே வருமானம் 2025/26இல் வந்தால் பாருங்கள். சம்பளத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை. 18 இலட்சத்து 84 ஆயிரத்தில் 84,000இற்கு மட்டும் 6 சதவீதம், 5,040 ரூபா வரி. பேங்க் பிடித்தது 38,400. அவருக்கு 33,360 திரும்ப வரவேண்டும்.

வட்டியில் பிடிக்க வேண்டாம் என்று பேங்கில் சுயபிரகடனம் கொடுத்தேன். திருத்திய சான்றிதழால் அது பாதிக்குமா?

நல்ல கேள்வி, நிறையப் பேர் யோசிக்காத கேள்வி. 2025/26 முதல், வருடத்துக்கான மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் பேங்கில் சுயபிரகடனம் கொடுத்து, பிடிக்காமல் நிறுத்தலாம். டின் இருக்கவேண்டும்.

நம் டீமேக்கர் முதல் கணக்கின்படி சரியாக 18 இலட்சம். பிரகடனம் கொடுக்கலாம். திருத்திய கணக்கின்படி 84,000 கூடுகிறது. இனிக் கொடுக்க முடியாது. கொடுத்துவிட்ட பிறகு தெரியவந்தால் உடனே பேங்குக்கு எழுதி அறிவித்து, விபரத்திரட்டு போட்டு வரியைக் கட்டவேண்டியதுதான். பிரகடனம் என்பது பிடிப்பதை நிறுத்துமே தவிர, வரியை நிறுத்தாது. எல்லைக்குக் கிட்ட நிற்பவர்கள், இரண்டு மூன்று பேங்கில் வைப்பு வைத்திருப்பவர்கள், எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். ஒரு பேங்கின் வட்டி மற்ற பேங்குக்குத் தெரியாது. திணைக்களத்துக்கு இரண்டும் தெரியும்.

தொகை மாறவில்லை. பெயரும் இலக்கமும் மட்டும்தான் திருத்தியிருக்கிறார்கள்.

வரி மாறாது. ஆனால் கழிவு கேட்டபோது பழைய சான்றிதழ் இலக்கத்தைப் போட்டிருந்தால் அதை அறிவித்துவிடுங்கள். கடிதம் ஒன்று போதும்.

டி-10உம் திருத்தி வந்தால்?

இதே முறைதான். பேங்குக்குப் பதில் வேலைத்தலம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரே திருத்தமாகச் செய்யுங்கள், தவணை முறையில் அலுவலகத்தைக் குழப்ப வேண்டாம்.

சான்றிதழ் பிழை என்று எனக்குத் தெரிகிறது. பேங்க்தான் "பார்ப்போம், பார்ப்போம்" என்கிறது.

வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுங்கள். வைப்புச் சான்றிதழ், பாஸ்புக் பக்கம், அடையாள அட்டை, டின் எல்லாவற்றின் பிரதியையும் இணைத்து, எந்த வரி பிழை, சரியான தொகை என்ன என்று குறித்து, முகாமையாளர் பெயருக்குக் கொடுத்து உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். கிளையில் இருப்பவர் கெட்டவர் அல்ல. சான்றிதழ் அச்சாவது கொழும்பில். எழுத்தில் ஒன்று இருந்தால்தான் அவராலும் அங்கே தள்ள முடியும்.

அதற்குள் நவம்பர் 30 வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். கையில் உள்ள ஆதாரத்தின்படி உண்மையான வட்டியைக் காட்டி அனுப்புங்கள்; பிடித்த வரியை மட்டும் சான்றிதழில் உள்ளபடி கேளுங்கள். திருத்திய சான்றிதழ் வந்ததும் மிச்சக் கழிவைக் கேட்கலாம். வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டுப் பிறகு கூட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

சின்னத் தொகைதானே, அப்படியே விட்டால் என்ன?

வித்தியாசம் உங்களுக்குச் சாதகமாக, அதாவது உங்களுக்கு வரவேண்டிய சில நூறு ரூபாவாக இருந்தால், விடுவதும் எடுப்பதும் உங்கள் இஷ்டம். பஸ் காசுக்கும் காணாது என்று விட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டவேண்டிய பக்கம் என்றால் விடாதீர்கள். பேங்க் அனுப்பிய திருத்திய அட்டவணை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நீங்கள் சொல்வதற்கு முன் அவர்கள் கேட்டால், திருத்தம் என்ற பேச்சு போய் விளக்கம் என்ற பேச்சு வந்துவிடும்.

அவர்கள் கேட்டேவிட்டார்கள். மதிப்பீட்டு அறிவித்தல் வந்திருக்கிறது.

அப்படியென்றால் விபரத்திரட்டைத் திருத்தும் கட்டம் தாண்டிவிட்டது. அறிவித்தலில் உள்ள தொகை சரியென்றால் கட்டுங்கள். பிழையென்றால் 30 நாளுக்குள் நிருவாக மீளாய்வு கேட்டு எழுத்தில் மேன்முறையிட வேண்டும். அறிவித்தல் தபாலில் வந்து, தோட்டத்து ஆபிஸ் பெட்டியில் இரண்டு கிழமை கிடந்து, பிறகு யாரோ லயத்துக்குக் கொண்டுவந்து கொடுத்த கதைகள் நமக்குப் புதிதல்ல. ஆகவே ரமிஸில் உங்கள் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் மூன்றையும் இன்றைக்கே சரிபாருங்கள். டவுனில் இருக்கும் உறவினரின் முகவரி கொடுத்தாலும் பரவாயில்லை, கடிதம் கைக்கு வரவேண்டும்.

இதற்குக் கணக்காளர் வேண்டுமா?

சம்பளமும் வைப்பு வட்டியும் மட்டும் என்றால் வேண்டாம். வாடகை, வியாபாரம், காணி விற்றது எல்லாம் கலந்திருந்தால் ஒருவரிடம் காட்டுங்கள். யாரிடம் கொடுத்தாலும் உங்கள் ரமிஸ் கடவுச்சொல்லை டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் எழுதிவைத்துவிட்டு வராதீர்கள்.

கடிதம் தமிழில் எழுதலாமா? மாதிரி ஒன்று தாருங்கள்.

தாராளமாக. தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தொகைகளும் இலக்கங்களும் தெளிவாக இருந்தால் கோவையைப் பார்ப்பவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் வேலை நடக்கும். சுற்றி வளைக்காமல் இப்படி எழுதுங்கள்:

"ஆணையாளர், உள்நாட்டு இறைவரித் திணைக்களம், பிராந்திய அலுவலகம், நுவரெலியா.

வருமான வரி விபரத்திரட்டைத் திருத்துதல்: மதிப்பாண்டு 2024/25. எனது டின் இலக்கம்: … அடையாள அட்டை இலக்கம்: … பழைய இலக்கம்: …

மேற்படி ஆண்டுக்கான விபரத்திரட்டை … ஆம் திகதி சமர்ப்பித்தேன். வங்கி வழங்கிய … இலக்கச் சான்றிதழின்படி வட்டி 300,000 ரூபாவும் பிடித்த வரி 15,000 ரூபாவும் காட்டியிருந்தேன். எனது பழைய அடையாள இலக்கத்தில் இருந்த வைப்பு அதில் சேராததால், வங்கி … ஆம் திகதி … இலக்கத்தில் திருத்திய சான்றிதழ் வழங்கியுள்ளது. அதன்படி வட்டி 384,000 ரூபா, பிடித்த வரி 19,200 ரூபா.

இதனால் மேலும் செலுத்தவேண்டிய 5,880 ரூபாவை, உரிய வட்டியுடன், … ஆம் திகதி செலுத்தியுள்ளேன். எனது விபரத்திரட்டையும் சொத்துப் பொறுப்புக் கூற்றையும் இதற்கேற்பத் திருத்தி ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: இரு சான்றிதழ்களும், வங்கிக் கடிதம், திருத்திய கணக்கு, பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, விபரத்திரட்டு பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி."

இணைப்பில் மூலப்பிரதி எதையும் வைக்காதீர்கள், பிரதிகள் போதும். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். அந்தப் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியிலேயே ஒட்டி, ஐந்து வருடத்துக்காவது கோவையில் வைத்திருங்கள்.